பின் சீட் இல்லாத வண்டி

ஜூன் 7, வெள்ளி

கார் வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து இரண்டு பேர் பத்தே முக்காலுக்குக் கொண்டுவந்து சந்து முனையில் நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். "சாவிய இப்ப வாங்க மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. உள்ள வந்து மோர் குடிங்க" என்றேன். பாவம், ஒன்றேகால் மணி நேரம் மோர் குடித்தார்கள். பன்னிரண்டு ஐந்துக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, வெக்காளியம்மா தாயே என்று ஏற்றி நசுக்கினேன். பழம் நசுங்கின சத்தம் மட்டும்தான் கேட்டது. வண்டியில் சத்தமே இல்லை. கரண்ட் வண்டி.

இந்த நோட்டும் அவர்கள் கொடுத்ததுதான். என் அண்ணன் மகன் மதிவாணன் அந்தக் கம்பெனியில் இன்ஜினியர். டவுனுக்குள் ஓட்டுவதற்கென்று இரண்டே பேர் உட்காரும் குட்டிக் கார் செய்திருக்கிறார்கள். விற்பனைக்கு விடும் முன் ஏழு பேருக்கு ஏழு வாரம் கொடுத்து, தோன்றுவதை எழுதித் தரச் சொல்கிறார்கள். மற்ற ஆறு பேரும் சின்ன வயசு. "ஐம்பது தாண்டின லேடி ஒருத்தர் வேணும், சந்துல குடியிருக்கணும், லைசென்ஸும் இருக்கணும். திருச்சியில உங்கள விட்டா யாரு அத்தை?" என்றான்.

லைசென்ஸ் கதை: ஐந்து வருஷம் முன்பு மகளுக்குத் துணையாக டிரைவிங் ஸ்கூல் போனேன். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நானும் சேர்ந்தேன். டெஸ்டில் அவள் ஃபெயில், நான் பாஸ். அவள் இப்போது ஓசூரில் இருக்கிறாள். இன்னும் அதைப் பேசக்கூடாது.

"எல்லாத்தையும் எழுதலாமா?" என்று மதியிடம் கேட்டேன். "எல்லாத்தையும் எழுதுங்க அத்தை" என்றான். பின்னால் வருத்தப்படப் போகிறான். நான் எட்டாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் சார்மார்கள் பொறுக்கவும்.

ஜூன் 8, சனி

எங்கள் சந்து ஆறடி. வண்டி நாலரை அடி. இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம். சுவரை உரசாமல் உள்ளே கொண்டுவந்துவிட்டேன்! ஆனால் ஒரு சாணில் கதவைத் திறந்து எப்படி இறங்குவது? எதிரே அடிபம்பு இருக்கும் இடத்தில் சந்து கொஞ்சம் வயிறு தள்ளியிருக்கும். அங்கே கொண்டுபோய்த்தான் இறங்கினேன். கதவைத் தள்ளித் திறக்கிற மாதிரி வைத்தால் என்ன? பீரோவுக்குக்கூட அப்படி வைக்கிறார்கள்.

புடவைக் கொசுவம் கதவில் மாட்டிக்கொண்டது. இதைச் செய்தவர் யாரும் புடவை கட்டிப் பார்க்கவில்லை.

ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் பலகை சறுக்குமரம் மாதிரி இருக்கிறது. பிள்ளையாரை வைத்தேன், முதல் பிரேக்கிலேயே மடியில் வந்து விழுந்தார். பைப்பு ஒட்டுகிற பசையை வைத்து நிரந்தரமாக ஒட்டிவிட்டேன். கம்பெனி மன்னிக்கவும்.

ஜூன் 10, திங்கள்

மூத்தாருக்கு இன்று முதல் தொண்டையில் கரண்ட் வைக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ரேடியேஷன் என்பார்கள். தொண்டையில் கட்டி. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் காலை எட்டரைக்கு, மொத்தம் முப்பத்து மூன்று தடவை. "நடுவுல விட்டுடாதீங்க. விட்டா வச்சதெல்லாம் வீண்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

மூத்தார் என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். அவர் சம்சாரம், எனக்கு அக்கா முறை, போய் ஆறு வருஷம். மகன் மஸ்கட்டில். முன்னறையில் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தாருக்கு எதிரே நிற்க மாட்டாள், நேருக்கு நேர் பேசவும் மாட்டாள். எனக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். ஒரே வீடு. ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. "காப்பி ஆறுதுன்னு சொல்லுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்வேன். அவர் இல்லாத நேரத்தில் கதவிடம் சொல்வேன். மூத்தார் கதவுக்குப் பதில் சொல்வார். சண்டை ஒன்றும் இல்லை. மரியாதை.

வீட்டுக்காரர் பால் பூத்தைப் பூட்டிவிட்டு ஆட்டோவில் கூட்டிப்போனார்.

ஜூன் 12, புதன்

பூத்தைத் தினமும் பூட்ட முடியாது என்று மூத்தார் இன்று தனியாகப் போனார். திரும்பும்போது ஆட்டோ கிடைக்கவில்லை. நடந்திருக்கிறார். புத்தூர் நால்ரோட்டில் மயங்கி விழுந்து, டீக்கடைக்காரர் தண்ணீர் தெளித்து, ஒரு ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்.

வாசலில் அடிபம்பு பக்கத்தில் என் வண்டி சும்மா நிற்கிறது. நான் காலையில் அதில் கீரை வாங்கப் போனேன்.

கதவிடம் சொன்னேன்: "நாளையிலேருந்து நம்ம வண்டியில போயிடலாம்னு சொல்லுங்க."

முன்னறையிலிருந்து இருமல். அது சரி என்பதற்கான இருமல்தான். எனக்குத் தெரியும்.

ஜூன் 13, வியாழன்

மூத்தார் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது. எதை என்று மூன்றாவது சுற்றில்தான் எனக்குப் புரிந்தது. பின் சீட்டைத் தேடுகிறார்.

பால் பூத்திலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "பின்னாடி இல்லண்ணே. அவ்வளவுதான் வண்டி" என்றார்.

"அப்ப நான் எங்கடா உக்கார்றது?"

"முன்னாடிதான். அவ பக்கத்துல."

மூத்தார் என்னைப் பார்க்கவில்லை. நான் அடிபம்பைப் பார்த்தேன். எட்டு மணி ஆகிவிட்டது. ஏறினார். கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்தார். பெல்ட் போடாவிட்டால் வண்டி கூவிக்கொண்டே நிற்கும், நகராது. போட்டார். போய் வரும் வரை இரண்டு பேரும் மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டோம்.

சார்மார்களே, நீங்கள் இரண்டு சீட் வைத்தபோது மூத்தாரை நினைக்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

கோர்ட் ரோடு சிக்னலில் பச்சை விழுந்ததை நான் கவனிக்கவில்லை. பக்கத்திலிருந்து கனைப்பு.

"பிள்ளையாரே, பச்ச விழுந்துருச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். வண்டியை எடுத்துவிட்டு, "பிள்ளையாரப்பா, ஏசி குளிருதான்னு கேளு" என்றேன்.

"கொஞ்சம் கொறைக்கச் சொல்லு பிள்ளையாரே."

குறைத்தேன். பிள்ளையாரை ஒட்டிவைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

ஜூன் 17, திங்கள்

திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஏழு இருபத்தைந்துக்கே வண்டியை நாலடி முன்னால் நகர்த்தி நிறுத்திவிட்டேன். நல்ல நேரத்தில் புறப்பட்டாகிவிட்டது. எட்டு மணிக்குப் போனது மீதிப் பயணம்தான்.

வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

ஜூன் 26, புதன்

பதிமூன்றாவது முடிந்தது. இன்று எழுத நிறைய நல்ல சேதி.

ஆஸ்பத்திரியில் கார் விட இடமே இல்லை. பெரிய பெரிய வண்டிக்காரர்கள் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். இரண்டு பைக்குக்கு நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. செக்யூரிட்டி, "அம்மா, அங்க கார் போகாது" என்றார். "கார் போகாது, இது போகும்" என்று சொல்லி ஒரே ரிவர்ஸில் விட்டேன். அவர் சல்யூட் அடித்தார்! சத்தியமாக அடித்தார். பிள்ளையாரிடம் மூத்தார், "நல்லா ஒடிக்கிறா" என்றார். நான் கேட்காத மாதிரி இருந்தேன். வீடு வரும் வரை ஸ்டியரிங் பூ மாதிரி சுற்றியது.

டிக்கியில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை நிற்கிறது, படுக்காது. கேஸ் சிலிண்டர் போகாது, முயற்சி செய்துவிட்டேன். ராத்திரி ஜன்னல் வழியாக ஒயர் விட்டுச் சார்ஜ் போட்டால் மூன்று நாள் கவலையில்லை.

மூத்தாருக்குக் குரல் கம்மிவிட்டது. கஞ்சியும் இளநீரும்தான் இறங்குகிறது. கழுத்து கறுத்துப்போயிருக்கிறது. கரண்ட் வைத்தால் அப்படித்தான் ஆகும் என்றார்களாம்.

ஜூலை 2, செவ்வாய்

இரண்டு நாளாகக் கவனிக்கிறேன். வண்டி கிளம்பியதும் மூத்தார் இடது கையால் பெல்ட்டைத் தோள் பக்கத்தில் இறுகப் பிடித்துக்கொள்கிறார். இறங்கும் வரை விடுவதில்லை. பிள்ளையாரிடமும் பேச்சைக் காணோம்.

என் ஓட்டம் பயமாக இருக்கிறது போல. நேற்று ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டது உண்மைதான்.

ஜூலை 4, வியாழன்

முப்பதுக்கு மேல் போகவில்லை. அப்படியும் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

ஜூலை 5, வெள்ளி

இன்று இருபதுதான். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "அம்மா, தேரா இழுக்கறீங்க?" என்றார். பதினைந்து நிமிஷத்தில் போகிற இடத்துக்கு முப்பத்தைந்து நிமிஷம். மூத்தார் கண்ணை மூடிக்கொண்டார். பார்க்கக்கூடப் பயம்.

சாயங்காலம் வெக்காளியம்மனுக்குச் சீட்டு எழுதிச் சூலத்தில் கட்டினேன். "தாயே, எனக்கு நிதானமாக ஓட்ட வரவேண்டும்." அவளுக்குக் கூரை இல்லை. வெயிலிலும் மழையிலும் நிற்கிறவள். சொன்னது காதில் விழாமல் போகாது.

ஜூலை 8, திங்கள்

இருபத்தொன்று முடிந்தது. திரும்பி வந்ததும் மூத்தார் நேராக முன்னறைக்குப் போய்விட்டார். மத்தியானம் வீட்டுக்காரர் வந்து, "அண்ணன் நாளையிலேருந்து போகலியாம். போதுங்கறாரு" என்றார்.

"ஏனாம்?"

"சொல்ல மாட்டேங்கறாரு. 'உன் பொண்டாட்டிக்கு ஏண்டா சிரமம்'னு மட்டும் சொன்னாரு."

அப்படித்தான் நாகரிகமாகச் சொல்வார். நீ ஓட்டுகிற வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வர முடியாது என்று அர்த்தம்.

சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்தேன். அரைக் கிலோ உரித்துவிட்டேன். அவ்வளவு தேவையில்லை.

ஜூலை 9, செவ்வாய்

எட்டரைக்கு வண்டி வாசலிலேயே நின்றது. ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். "ஏன் வரலை? இன்னும் பன்னெண்டு இருக்கு. விடாதீங்கம்மா" என்றாள் அந்த நர்ஸ் பெண்.

என்ன செய்வதென்று தெரியாமல் துணி துவைக்க உட்கார்ந்தேன். மூத்தாருடைய வெள்ளைச் சட்டை. இடது காலரில் கறை. மருந்து மஞ்சளும், அதற்குள் ரத்தமும். அடுத்த சட்டையை எடுத்தேன். அதே இடம். மூன்று சட்டையிலும் காலரிலிருந்து தோள் வரைக்கும் ஒரே கோடு, அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி.

மூன்று விரல் அகலம். பெல்ட் அகலம்.

அவர் பெல்ட்டைப் பயத்தில் பிடித்துக்கொள்ளவில்லை. புண்ணில் படாமலிருக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் மெதுவாகப் போகப் போக இருபது நிமிஷம் கூடுதலாகப் பிடித்திருந்திருக்கிறார். பாவி, நானும் தேர் இழுத்திருக்கிறேன்.

ஈரக் கையோடு எழுந்து போனேன். முன்னறைக் கதவு திறந்திருந்தது. கதவிடம் பேச வாய் வரவில்லை. உள்ளே போய் அவர் கட்டிலுக்கு எதிரே நின்றேன்.

"பெரியத்தான், கழுத்தக் காட்டுங்க."

அவர் எழுந்து நின்றுவிட்டார். துண்டைத் தேடினார். சுவரைப் பார்த்து, "ஒண்ணுமில்லன்னு சொல்லு" என்றார்.

"யார்கிட்ட சொல்றது? இங்க யாரு இருக்கா? என்னப் பாத்துச் சொல்லுங்க."

அவர் திரும்பினார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் கண் என்ன நிறம் என்று இன்றுதான் பார்த்தேன். கழுத்தின் இடது பக்கம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"இத ஏன் சொல்லல?"

"எப்படிம்மா சொல்லுவேன்?" குரல் காற்றாகத்தான் வந்தது. "கழுத்து எரியுதுன்னு பிள்ளையார்கிட்டச் சொன்னா, நீ ஓட்டாம விட்டுருவ. எனக்காக நீ ஆசையா ஓட்டுற. ரிவர்ஸ் போட்டா மொகம் அப்படி மலருது. அதக் கெடுக்கவா?"

"நான் ஓட்டறதுக்குப் பயந்துதான் புடிக்கிறீங்கன்னு நெனச்சேன். அதான் இருபதுல போனேன்."

"பயமா? ஒர்க்‌ஷாப்புல இன்ஜின் ட்ரயல் பாத்தவன் நான். நீ இருபதுல போனப்பதான் உயிரே போச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அவர் இருமிவிட்டார்.

"நாளைக்கு இருவத்திரெண்டு. வர்றீங்க" என்றேன். "பெல்ட்ட நான் பாத்துக்கறேன்."

அதே நாள், சாயங்காலம்

மதிக்குப் போன் போட்டு, "உங்க பெரிய இன்ஜினியரையும் கூட்டிக்கிட்டு உடனே வா, இல்லாட்டி நோட்டைக் கிழிச்சு அடுப்புல போட்டுருவேன்" என்றேன். நாலு மணிக்கு வந்துவிட்டார்கள். பெரிய இன்ஜினியர் ஷர்மிளா மேடம், முடியைக் குட்டையாக வெட்டிய பெண், முப்பத்தைந்துதான் இருக்கும். மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"பெல்ட் தொங்கற எடம் கொஞ்சம் உயரம்மா. சார் உயரம் கம்மி. அதனால கழுத்துல ஏறுது. மாத்தணும்னா டெஸ்ட் பண்ணணும், மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசத்துல இவருக்குக் கரண்டே முடிஞ்சிருக்கும்."

"பெல்ட் இல்லாம ஓட்டற மாதிரி பண்ணித் தர முடியாதும்மா. அது தப்பு."

தப்புதான். நான் அதைக் கேட்கவில்லை. துண்டை மடித்து வைத்தும் பார்த்தாயிற்று, பெல்ட் நழுவிக் கழுத்துக்கே போகிறது.

அதற்குள் மூத்தார் வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். கதவுத் தூணை விரல் முட்டியால் தட்டினார். மேலே தட்டினால் ஒரு சத்தம், ஒரு சாண் கீழே வேறு சத்தம். அங்கே ஒரு வட்ட மூடி. நகத்தால் நெம்பினார். உள்ளே மரை போட்ட ஓட்டை, புத்தம் புதுசாக.

"இங்க ஒரு போல்ட் எடம் வெறுமன கெடக்கே. இது எதுக்கு?" என்றார், காற்றுக் குரலில்.

மதியும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மதிதான் சொன்னான்: "முதல் டிசைன்ல பெல்ட் அங்கதான் மேடம் இருந்துச்சு. டெஸ்ட்டும் பாஸ் ஆச்சு. ஜன்னல் கோடு வெளியிலேருந்து பாக்க அழகா இல்லன்னு மேல ஏத்துனோம்."

"யாரு ஏத்துனது?" என்றேன்.

மேடம் நல்ல பெண். "நான்தாம்மா" என்றாள்.

அரை மணி நேரத்தில் கீழே இறக்கினார்கள். மூத்தார் ஸ்பேனரை மதியிடமிருந்து வாங்கிக் கடைசி முறுக்கைத் தானே முறுக்கினார். உட்கார்ந்து பார்த்தார். பெல்ட் தோளில் நின்றது. கழுத்துக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி.

மேடம் போகும்போது நான் கொடுத்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இத அப்படியே எழுதுங்கம்மா. என் பேரையும் போட்டு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

ஜூலை 10, புதன்

இருபத்திரண்டு. நாற்பதில் போனேன்.

ஜூலை 16, செவ்வாய்

நாளை ஆடி பிறக்கிறது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது. நல்லவேளை, நாங்கள் ஆனியிலேயே பேசத் தொடங்கிவிட்டோம்.

தொடங்கினால் நிறுத்துகிறாரா மனிதர்! குரல் பாதிதான் வருகிறது, அந்தப் பாதியை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை. "ஹார்ன் அடி." "லாரிக்குப் பின்னாடி ஒட்டாத." "இன்டிகேட்டர ஆஃப் பண்ணு, அவன் நம்ம திரும்பறோம்னு நிக்கிறான்." நான் வாயாடி என்று ஊரே சொல்லும். எனக்கே முறை கிடைப்பதில்லை.

இன்று, "அவ சாகறப்ப ஒன்கிட்ட என்ன சொன்னா?" என்று கேட்டார். அக்காவைத்தான். ஆறு வருஷமாக இதைக் கேட்க ஆளில்லாமல் வைத்திருந்திருக்கிறார். "மோர்ல உப்பு கொறச்சுப் போடச் சொன்னாங்க, ஒங்களுக்கு ரத்தக் கொதிப்புன்னு" என்றேன். அடுத்த சிக்னலில், "அதான் அப்பலேருந்து மோர் சப்புன்னு இருக்கா?" என்றார்.

ஜூலை 19, வெள்ளி

இருபத்தொன்பது. ஆடி வெள்ளி. அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். மூத்தார் மூன்று டம்ளர் குடித்தார். தொண்டையில் இறங்கியது!

ஜூலை 25, வியாழன்

முப்பத்து மூன்று!

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டதாம். மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுக்க வேண்டும், ஆனால் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, டாக்டருக்குச் சந்தோஷம். "யாரு தினமும் கூட்டிட்டு வந்தது?" என்றார். மூத்தார் என்னைக் காட்டினார். "பொண்ணா?" என்றார் டாக்டர்.

"தம்பி சம்சாரம். வண்டி நல்லா ஓட்டும். ஹார்ன் மட்டும் அடிக்காது."

வெளியே செக்யூரிட்டி நின்றார். சில நாளாக இரண்டு பைக்குக்கு நடுவில் எங்கள் இடத்தைக் கயிறு கட்டிப் பிடித்து வைக்கிறவர். கடைசி நாள் என்று சொன்னேன். கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுபடி ஒரு சல்யூட். இந்த முறை மூத்தார் திருப்பி அடித்தார்.

சந்து முனையில் வீட்டுக்காரர் பூத்தைப் பூட்டிவிட்டு ஆரத்தித் தட்டோடு நின்றார். அவர் ஆரத்தி கரைத்து நான் பார்த்ததில்லை. சுண்ணாம்பு கூடிப்போய்க் கறுப்பாக இருந்தது. வண்டிக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சுற்றினார்.

ஜூலை 26, வெள்ளி

இன்று வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாள். துவாக்குடியில் இருக்கும் கம்பெனிக்கு நானும் மூத்தாரும் போனோம். "நான் வர்றேன், பெல்ட்டப் பத்திக் கேட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

ஹாலில் ஏழு பேரும் உட்கார்ந்திருந்தோம். மற்ற ஆறு பேரும் போனோடு வண்டி எப்படி ஜோடி சேர்கிறது, பாட்டு எப்படிக் கேட்கிறது என்று பேசினார்கள். என் முறை வந்தது. நோட்டைப் பிரித்தேன். கதவு, கொசுவம், பிள்ளையார் சறுக்காமல் நிற்கச் சமதளமான இடம், எல்லாம் சொன்னேன். சிரித்தார்கள். பெல்ட்டுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது.

ஷர்மிளா மேடம் எழுந்து, "இனிமே வர்ற எல்லா வண்டியிலயும் பெல்ட் ரெண்டு உயரத்துலயும் மாட்டற மாதிரி இருக்கும். ஜன்னல் கோடு போனா போகட்டும்" என்றாள். கை தட்டினார்கள். தள்ளு கதவையும் செய்து பார்க்கப் போகிறார்களாம். சாவியைக் கொடுத்தேன். பிள்ளையாரைப் பெயர்க்க முடியவில்லை. மதி, "அவரு இருக்கட்டும் அத்தை" என்றான்.

மேடம் நோட்டைக் கேட்டாள். "இன்னிக்குப் பக்கத்த வீட்ல போய் முடிச்சுட்டு மதிகிட்டக் குடுத்தனுப்பறேன்" என்றேன்.

கேட்டுக்கு வெளியே வந்தோம். டவுன் பஸ் வந்தது. கூட்டம் இல்லை. பெண்கள் பக்கம் ஜன்னலோரம் நான் உட்கார்ந்தேன். மூத்தார் பின்னாலிருந்து ஏறி நடந்து வந்தார். ஆண்கள் பக்கம் ஏழெட்டு சீட் காலியாகக் கிடந்தது. ஒவ்வொன்றையும் தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கண்டக்டர் வந்தார். "பெரியவரே, இது லேடீஸ் சீட்டு. அங்கதான் அவ்வளவு எடம் இருக்குல்ல?"

மூத்தார் சில்லறையை நீட்டினார். "இருக்கட்டும் தம்பி. லேடீஸ் யாராவது ஏறுனா எந்திரிச்சுக்கறேன். நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."